பதினோரு மணி நேரம்

வியாழன்தோறும் ஏழு மணிக்கு
ஆஸ்பத்திரி வாசலில் கூடுகிறோம்.
மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையிலிருந்து
ஷிப்ட் முடித்து நேரே வருகிறவர்களின் விரல்களில்
எண்ணெய் வாடை போயிருக்காது.
தூறல் இருக்கும்.
கலிசியாவின் இந்தக் கரையில்
தூறலுக்காக யாரும் குடை விரிப்பதில்லை.

உஷீயா அடிப்பதற்குப் பானை கொண்டுவருவாள்.
சபேலா கையில் ஒலிபெருக்கி;
பாதி நேரம் அது வேலை செய்யாது,
அப்போதுதான் அவள் குரல் தெளிவாகக் கேட்கும்.

சாந்தியாகோவிலிருந்து கடிதம் வந்தது, இரண்டு பக்கம்.
வருடத்துக்கு இருநூற்று அறுபத்து மூன்று பிரசவம்;
ஐந்நூறுக்குக் குறைந்தால்
மருத்துவர்களுக்குக் கைப்பழக்கம் விட்டுப்போகுமாம்.
சிக்கலான பிரசவங்களும் குறைமாதக் குழந்தைகளும்
இனி மலைக்கு அந்தப் பக்கம்.
மூடுகிறோம் என்ற சொல் எங்கும் இல்லை.
எங்கள் பாதுகாப்பு என்று
நான்கு இடத்தில் இருந்தது.

அக்டோபரில் நாற்பது காரில் கிளம்பினோம்.
தொண்ணூற்றேழு கிலோமீட்டர்.
ரொட்டி வண்டி ஓட்டும் செவெரீனோ முன்னால் போனான்.
நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை
அவன் ஹாரன் அடித்தால் அது ஒரு வலி,
பின்னால் நாற்பதும் அலறும்.
காற்றாலைகளுக்குக் கீழே பனிமூட்டம்.
முன்னே போகிறவனின் சிவப்பு விளக்கைத் தவிர
உலகமே கிடையாது.
பதினான்காவது வலியில்
பசுமாடு ஒன்று சாலையைக் கடந்தது,
அவசரமில்லாமல்.
இருபத்தாறாவது வலியில்
நகரத்து ஆஸ்பத்திரி வாசல்.
வண்டி நிறுத்த இடமில்லை.

பிறகு புகைப்படச் சுவர்.
இந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் எல்லாரையும் ஒட்டினார்கள்:
பல் விழுந்த சிரிப்புகள்,
கால்பந்துச் சட்டைகள்,
ஒரே சாயலில் மூன்று பெண்கள்,
பிறக்கும்போது மூவரும் சேர்ந்து
ஒரு சாக்கு உருளைக்கிழங்கு எடைகூட இல்லையாம்.
நீயும் ஒன்று கொடேன் என்றாள் உஷீயா.
தேடிப் பார்க்கிறேன் என்றேன்.
தேட எதுவுமில்லை.
இழுப்பறையில்,
வங்கிப் புத்தகத்துக்குக் கீழே,
ஓர் அட்டையில் இரண்டு பாதங்களின் மை.
கட்டைவிரல் நகத்தால் மறைத்துவிடலாம்.

ப்ராயிஸ்.
இருபத்தைந்தாவது வாரம்.
பதினோரு மணி நேரம்.

படகிலிருந்த அவன் அப்பாவை
ரேடியோவில் கூப்பிட்டார்கள்.
துறைமுகத்திலிருந்து ஆறு நிமிடம்.
ரப்பர் பூட்ஸோடு வந்தவனை
தாதி தொரிந்தா தடுக்கவில்லை;
கையை மட்டும் கழுவச் சொன்னாள்,
முழங்கை வரை, இரண்டு தடவை.
பதினொன்றில் எட்டு மணி நேரம்
அவன் மகனைப் பார்த்தான்.
மருத்துவர் ஒரு தடவைகூடக் கடிகாரம் பார்க்கவில்லை,
கடைசியில் பார்க்கவேண்டிய அந்த ஒரு தடவை தவிர.

நவம்பரில் அதிகாரி வந்தார்,
திரையில் அட்டவணை காட்டினார்.
இறப்புகள் என்றொரு பத்தி.
அந்த வருடத்துக்கு நேரே: 1.
"இதைத்தான் தவிர்க்க விரும்புகிறோம்" என்றார்,
பேனா முனையால் அந்த ஒன்றைத் தொட்டு.

நான் எழுந்தது எனக்கே தெரியாது.
ஒலிபெருக்கி வழக்கம்போல் வேலை செய்யவில்லை.
அது என் பிள்ளை, ஐயா, என்றேன்.
அவனை உங்கள் பக்கம் எழுதாதீர்கள்.
அவன் எங்கேயும் செத்திருப்பான்.
இங்கே என்பதால்
ஆம்புலன்சில் சாகவில்லை.
இங்கே என்பதால் அவனுக்கு அப்பா இருந்தான்.

அதற்குப் பத்தி உண்டா என்று கேட்க நினைத்தேன்.
மறந்துவிட்டது.
உட்கார்ந்தபின்தான் நினைவு வந்தது.

முடிவை மார்ச்சுக்கு மாற்றியிருக்கிறார்கள்.
வெற்றி என்கிறான் செவெரீனோ.
நாள் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்;
நாள் தள்ளிப்போனால்
என்னென்ன ஆகலாம் என்று
இங்கே எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

அட்டையை ஒட்டிவிட்டேன்,
மூன்று பெண்களுக்குப் பக்கத்தில்.
மழை படாமல் உறை போட்டது தொரிந்தா.
அடுத்த வியாழன்
நண்டு வேகவைக்கும் பெரிய பானையைக் கொண்டுபோகப் போகிறேன்.
உஷீயாவின் பானைக்கு
சத்தம் போதவில்லை.